காணி போகப் போகுது என்றால், கடதாசி எங்கே?

"தாங்கியெல்லாம் இந்தியாவுக்கு வித்தாச்சு. அடுத்தது எங்கட காணிதான்." சீனக்குடாவுக்குப் பக்கத்திலே இருக்கும் கப்பல்துறையில் இப்படியொரு பேச்சு கிளம்புவது சுலபம். யுத்தத்தில் வீடுவாசலை விட்டு ஓடித் திரும்பிய சனத்திடம் போய் இது வீண்பயம் என்று சொல்லவும் முடியாது. ஆனால் அந்தப் பயத்தைக் காசாக்க வருபவர் இருக்கிறார். பேச்சைப் பிரித்துப் பார்க்க வேண்டியது அதனால்தான்.

முதலில் தாங்கிகள். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவைத்த 99 எண்ணெய்த் தாங்கிகள் பற்றி 2022 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி 14 தாங்கிகள் இந்தியன் ஒயிலின் துணை நிறுவனமான லங்கா ஐஓசியிடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம். மிச்சம் 61 ஒரு கூட்டு நிறுவனத்துக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐஓசிக்கு 49 வீதம். கொடுத்தது குத்தகைக்கு, விற்பனைக்கு அல்ல. அந்தக் குத்தகை நாட்டுக்கு நல்லதா என்று வாதாடலாம், வாதாடவும் வேண்டும். ஆனால் "எல்லாம் வித்தாச்சு" என்பது பொய். மேடையில் ஒருவர் "எல்லாம் மீட்டாச்சு" என்றால் அதுவும் பொய்.

இனி உங்கள் காணி. உறுதிக் காணியை அரசாங்கம் எடுப்பதென்றால் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் வழியே வர வேண்டும். 2ஆம் பிரிவின்படி அந்த இடத்தில் மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டப்பட வேண்டும். 4ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபனை சொல்லக் குறைந்தது 14 நாள் தர வேண்டும். அவசரம் என்று 38ஆம் பிரிவைக் காட்டி முன்கூட்டியே பொறுப்பேற்பதானாலும் வர்த்தமானியில் கட்டளை வந்தாக வேண்டும். நட்டஈடு சந்தைப் பெறுமதியை வைத்தே கணிக்கப்படும்.

"அரசாங்கம் எடுக்க முதல் வித்திடுங்கோ அண்ணை, கிடைக்கிறது கிடைக்கட்டும்" என்று முற்பணத்தோடு வரும் தரகரிடம் ஒரு கேள்வி போதும்: பறிபோகப் போகிற காணியை நீங்கள் ஏன் தம்பி காசு கொடுத்து வாங்குறீங்கள்? நேரான பதில் வராவிட்டால் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள், வெற்றுத்தாளில் அறவே வேண்டாம். உங்களிடம் இருப்பது அனுமதிப்பத்திரக் காணி என்றால், பிரதேச செயலாளரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அதை விற்கவே முடியாது.

உண்மையை அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. திருகோணமலை பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வி மட்டும் குறிப்பாக இருக்க வேண்டும். "எங்கட காணி போகுமா?" என்று எழுதினால் வேலைக்காகாது. "கப்பல்துறையில் இன்ன வரைபட இலக்கக் காணி தொடர்பாகக் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் வெளியிடப்பட்டுள்ளதா? ஆம் எனில் பிரதி தரவும்" என்று எழுதுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

ஏற்கெனவே முற்பணம் வாங்கிக் கையெழுத்தும் வைத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். இருக்கிற பத்திரங்களின் பிரதிகளோடு உடனே சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக உதவி கிடைக்கும்.