கடைக்குக் காப்பீடு: பாலிசித் தாளில் என்ன இருக்கிறது?

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுவரை அங்கே சுரங்கக் கம்பெனிதான் எல்லாம். வேலை, குடியிருப்பு, ஆஸ்பத்திரி என்று வாழ்க்கை முழுக்க அதன் நிழலிலேயே நடந்தது. இன்று ஆயிரக்கணக்கானவர்கள் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஊரிலேயே இருந்து பிழைக்க நினைப்பவர்களுக்குச் சொந்தக் கடை ஒரு வழி. ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ மளிகை, துணி, பேக்கரி, தையல், செல்போன் ரிப்பேர் என்று கடை வைத்திருப்பவருக்குப் பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை. ஓர் இரவில் தீப்பிடித்தால் முதலும் போகும், வருமானமும் போகும், கடன் மட்டும் நிற்கும். அந்த நஷ்டத்தைத் தனியாளாகச் சுமக்காமல் இருக்க உதவுவதுதான் கடைக் காப்பீடு.

அது எப்படி இயங்குகிறது? சீட்டுப் பிடிப்பது நமக்குத் தெரியும். எல்லோரும் பணம் போடுவார்கள், முறைவைத்து எல்லோரும் எடுப்பார்கள். காப்பீட்டில் எல்லோரும் போடுவார்கள். அடிபட்டவர் மட்டுமே எடுப்பார். எந்தக் கடை எரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் லட்சம் கடைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய எத்தனை எரியும் என்று கணக்கிட முடியும். அந்தக் கணக்கிலிருந்துதான் பிரீமியம் பிறக்கிறது. அசம்பாவிதம் இல்லாத ஆண்டில் கட்டிய பணம் வீணாகிவிட்டதாகப் பலர் வருந்துகிறார்கள். வருந்தத் தேவையில்லை, அந்த ஆண்டு முழுவதும் கடை பாதுகாப்பில் இருந்ததற்கான விலை அது.

சிறு தொழில்களுக்கென்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான பாலிசியைக் கொண்டுவந்தது. ஓரிடத்தில் உள்ள கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்ந்து 5 கோடி ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் இதை எடுக்கலாம். தீ, இடி, வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, வாகனம் மோதுவது, தண்ணீர்த் தொட்டி உடைவது ஆகியவை இதில் அடங்கும். கலவரத்தில் ஏற்படும் சேதமும் அடங்கும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வரியின் மதிப்பு தெரியும். ஆனால் பந்த் அன்று கடை மூடியதால் இழந்த வியாபாரத்துக்கு இதில் பணம் வராது. பொருளுக்கு நேர்ந்த சேதத்துக்குத்தான் வரும்.

இனி தங்கவயலுக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே தோண்டிய ஊர் இது. சுரங்கம் ஓடிய காலத்தில் அடியில் பாறை வெடிக்கும்போது மேலே வீடுகளும் அதிர்ந்தன. மூடிய பிறகு உள்ளே தண்ணீர் நிறைந்தபோதும் அதிர்வுகள் பதிவாயின. இவற்றை ஆராய்ந்த தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் தொடங்கப்பட்டதே தங்கவயலில்தான். கடை நிற்கும் நிலம் உள்வாங்கினால் அந்தச் சேதம் பாலிசியில் உண்டு. ஆனால் புதுக் கட்டடம் தானாக அமர்வதால் விழும் விரிசல், கொட்டி நிரப்பிய மண் இறங்குவது, தோண்டும் வேலையால் வரும் சேதம் ஆகியவை விலக்கு. தங்கவயலில் இந்த விலக்குகள் மிக முக்கியம். பழைய சுரங்கப் பகுதிக்கு அருகில் கடை இருந்தால் இரண்டு கேள்விகளை ஏஜெண்டிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள்: சுரங்க அதிர்வால் சுவர் விழுந்தால் கிளெய்ம் உண்டா? பழைய சுரங்கக் குழியால் நிலம் இறங்கினால் உண்டா? காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் வரும் தூசு துணிச் சரக்கில் படிந்து கெடுத்தால் இந்த பாலிசி உதவாது. மெல்ல மெல்ல வரும் கேடு, துரு, மாசு எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. திடீரென்று நேரும் விபத்துக்குத்தான் காப்பீடு.

கடைகளில் அடிக்கடி நடக்கும் ஷார்ட் சர்க்யூட்டையும் கவனிக்க வேண்டும். பேக்கரியில் ஃப்ரீசரின் கம்ப்ரஸர் ஷார்ட் ஆகிக் கருகிப்போனால் அந்த ஃப்ரீசருக்கு இந்த பாலிசியில் பணம் கிடைக்காது. அதிலிருந்து தீ பரவிப் பக்கத்து அலமாரியும் மாவு மூட்டையும் எரிந்தால் அவற்றுக்குக் கிடைக்கும். இயந்திரத்துக்கும் காப்பு வேண்டுமென்றால் அதற்கான தனிப் பிரிவை எடுக்க வேண்டும். திருட்டுக்கும் அப்படித்தான். தீ போன்ற விபத்து நேர்ந்து 7 நாட்களுக்குள், அதன் காரணமாகவே சரக்கு களவு போனால்தான் இந்த பாலிசி தரும். ஷட்டர் பூட்டை உடைத்துத் திருடினால் தனியே எடுத்த கன்னக்களவு பாலிசி வேண்டும். வாடிக்கையாளர் போல வந்து பொருளை எடுத்துப் போனால் அந்த பாலிசியிலும் கிடைக்காது. தீ, களவு, பணம், கண்ணாடி, இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே பாலிசியில் சேர்த்துத் தரும் 'ஷாப்கீப்பர்' பாலிசிகளும் இருக்கின்றன.

பலரும் ஏமாறும் இடம் காப்புத்தொகை. பிரீமியம் குறையட்டும் என்று 10 லட்ச ரூபாய் சரக்கை 6 லட்சம் என்று எழுதிவிடுகிறார்கள். தீயில் 3 லட்ச ரூபாய்ச் சரக்கு போனால் முழுதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். கம்பெனியின் கணக்கு வேறு. பத்தில் ஆறு பங்குக்குத்தான் காப்பு எடுத்திருக்கிறீர்கள், ஆகவே நஷ்டத்திலும் பத்தில் ஆறு பங்கு, அதாவது 1 லட்சத்து 80 ஆயிரம்தான். பாரத் பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் மன்னிப்பு உண்டு. 10 லட்சச் சரக்குக்கு 8 லட்சத்து 50 ஆயிரம் எழுதியிருந்தால் இந்த வெட்டு விழாது. பாலிசியில் சொன்ன சிறு தொகையை மட்டும் நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் துணிக்கடையில் சரக்கு கூடும். அதற்கு முன்பே கம்பெனிக்குச் சொல்லித் தொகையை உயர்த்திவிடுங்கள்.

முத்ரா போன்ற கடனில் கடை வைத்தவர்கள், 'பேங்க்காரர்களே இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார்கள்' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அந்த பாலிசி கடன் அளவுக்கு மட்டும் எடுத்ததாக இருக்கலாம். கிளெய்ம் பணமும் முதலில் வங்கிக்கே போகும். பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கி, முகவரி சரியா, சரக்கின் மதிப்பு சரியா, புதுப்பிக்கும் தேதி என்ன என்று பாருங்கள். பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராதவரை காப்பு தொடங்காது என்பது சட்டம்.

விபத்து நேர்ந்தால் அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். தீயணைப்புத் துறையின் அறிக்கை வாங்குங்கள். களவு என்றால் போலீசில் எஃப்.ஐ.ஆர். போடுங்கள். எரிந்த சரக்கை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை அதுவே சாட்சி. கொள்முதல் பில்களும் ஸ்டாக் கணக்கும் கடையோடு சேர்ந்து எரிந்துபோனால் நஷ்டத்தை நிரூபிப்பது பெரும்பாடு. ஆகவே அவற்றைப் படமெடுத்து வீட்டிலும் செல்போனிலும் வையுங்கள். கிளெய்மை மறுத்தது பற்றிக் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்த புகாரை அவர்கள் நிராகரித்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டாலோ, தனி உரிமையாளர்களும் குறுந்தொழில் நடத்துபவர்களும் பெங்களூரில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

கடையை நடத்துபவருக்கும் காப்பு வேண்டும். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையுள்ளவர்கள் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்தால், ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்து மரணத்துக்கு 2 லட்ச ரூபாய் காப்பு கிடைக்கிறது. குடும்பத்தில் சம்பாதிக்கும் ஒவ்வொருவரும் அதில் சேரலாம்.

சுரங்கத் தொழிலாளியின் பாதுகாப்புக்காகச் சங்கம் கம்பெனியோடு போராடியது. கடைக்காரருக்காக அப்படி யாரும் வந்து நிற்கப்போவதில்லை. உங்களிடம் பாலிசி இருந்தால் இந்த வாரமே எடுத்து, விலக்குப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். இல்லையென்றால் அடுத்த பண்டிகைச் சரக்கு வந்து இறங்கும் முன் ஒன்றை எடுத்துவிடுங்கள்.