முதல் ஆட்டமும் முடிந்த தீர்ப்பும்



பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் மாலைதோறும் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் சிறிது தொலைவு நடந்து வருவது என் வழக்கம். 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள், வழியிலுள்ள தேநீர்க் கடையில் என் பழைய மாணவர் சிலர் கூடிப் பெரிதும் வாதாடிக் கொண்டிருந்தனர். இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியில் சென்னையின் எப்.சி. குழு பெங்களூரிடம் 3–0 என்று தோற்றிருந்த வேளை அது. என்னைக் கண்டதும் ஒருவன் எழுந்து, “சார், நாலு ஆட்டம் ஆயிற்று. குழு ஒரு கோல்கூட அடிக்கவில்லை. லித்துவேனியாவிலிருந்து ஒருவரைக் கொண்டு வந்தார்களே, அவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான்” என்றான். மற்றவர்களும் ஆமென்று தலையசைத்தனர்.

அவர்கள் குறிப்பிட்டது நெரியுஸ் வால்ஸ்கிஸ் என்னும் முன்வரிசை ஆட்டக்காரரை. அவ்வாண்டு விதிப்படி ஒரு குழுவில் ஒரே நேரத்தில் ஐந்து அயல்நாட்டாரே களத்தில் இருக்கலாம். ஆகவே, அந்த இடங்களுள் ஒன்றைப் பெறுபவர் கோல் அடித்தே தீரவேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. நான்கு ஆட்டம் கோலின்றிக் கழிந்ததும் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

அந்த மாதம் 22-ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. மூன்று நாள் கழித்து, 25-ஆம் நாள், சென்னைக் குழு தன் ஐந்தாம் ஆட்டத்தில் ஐதராபாத்தைச் சந்தித்தது. புதிய மாவட்டத்தை மூன்றே நாளில் எடைபோட எவரும் முற்படவில்லை; புதிய ஆட்டக்காரரை எடைபோடும் வேலையோ முன்பே முடிந்திருந்தது! அன்று தொண்ணூறு நிமிடம் வரையில் எவரும் கோல் அடிக்கவில்லை. கூடுதலாகச் சேர்க்கப்பட்ட சில நிமிடங்களில் சென்னை ஒரு கோல் அடித்தது. ஐதராபாத் அதைச் சமன் செய்தது. இறுதி வேளையில் வால்ஸ்கிஸ் அடித்த கோலால் சென்னை 2–1 என்று வென்றது. டிசம்பரில் ஓவன் காயில் புதிய பயிற்சியாளராக வந்தார். 2020 மார்ச் 14-ஆம் நாள், தொற்று நோய் காரணமாகப் பார்வையாளரின்றிக் கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் சென்னை நின்றது. கொல்கத்தாவின் ஏ.டி.கே. குழுவிடம் 3–1 என்று தோற்றாலும், சென்னையின் ஒரே கோலை அடித்தவர் வால்ஸ்கிஸ்தான். அந்தப் பருவத்தில் 15 கோல்கள் அடித்து, தங்கக் காலணிப் பரிசையும் அவரே பெற்றார்.

தேநீர்க் கடையில் கூடியிருந்தவர்கள் அறிவிலிகள் அல்லர். ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள். அவர்கள் தவறியது ஏன்? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதற் காரணம், கால்பந்தில் கோல் அரிதாக விழுவது. கிரிக்கெட்டில் ஒருவர் ஒரே நாளில் நூறு ஓட்டம் எடுக்கலாம். கால்பந்திலோ இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோல் அடிப்பவரையே சிறந்தவர் என்கிறோம். ஓர் ஆட்டத்தில் அவர் கோல் அடிப்பதும் அடியாமற் போவதும் சரிபாதி என்று வைத்துக்கொண்டு, ஒரு காசைச் சுண்டிப் பாருங்கள். நான்கு முறையும் தொடர்ந்து பூவே விழுவதற்குரிய வாய்ப்பு பதினாறில் ஒன்று. இது முதல் நான்கு ஆட்டத்துக்கு மட்டும் உரிய கணக்கு. இருபது ஆட்டம் கொண்ட ஒரு பருவத்தில் எங்கேனும் ஓரிடத்தில் நான்கு ஆட்டங்கள் தொடர்ந்து வறண்டு போவதற்குரிய வாய்ப்போ நூற்றுக்கு ஏறத்தாழ 48. உங்கள் கணித ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துக் கொள்ளலாம். அதாவது, திறமை சிறிதும் குன்றாத ஆட்டக்காரருள்ளும் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இத்தகைய வறட்சி நேரும். அது பருவத்தின் நடுவில் நேர்ந்தால் ‘சிறு தளர்ச்சி’ என்போம். தொடக்கத்தில் நேர்ந்தால் ‘ஆளே தவறு’ என்கிறோம்.

இரண்டாவது காரணம் விலை. பெருந்தொகை கொடுத்து வாங்கிய ஆட்டக்காரரைப் பார்க்கும்போது நம் கண் காலைப் பார்ப்பதில்லை, பணப்பையைப் பார்க்கிறது. ஆனால், விலை என்பது திறமையின் அளவுகோல் அன்று. ஒப்பந்தத்தில் எஞ்சிய ஆண்டுகள், ஆட்டக்காரரின் வயது, வாங்குபவரின் அவசரம் ஆகியவை சேர்ந்தே விலையை ஆக்குகின்றன. 2011 ஜனவரி 31 இங்கிலாந்தில் ஆட்டக்காரரை வாங்குவதற்குரிய இறுதி நாள். அன்று லிவர்பூல் குழு பெர்னாண்டோ டோரஸை 5 கோடி பவுண்டுக்குச் செல்சி குழுவுக்கு விற்றது, அன்றே 3.5 கோடி பவுண்டு கொடுத்து ஆண்டி கரோலை வாங்கியது. கையில் பணமும் தலைக்குமேல் கடிகாரமும் இருக்கையில் பேரம் எப்படி நடக்கும் என்பதைச் சந்தைக்குச் சென்றவர் அறிவர்.

மூன்றாவது காரணம், முன்வரிசை ஆட்டக்காரர் தனித்து இயங்குபவர் அல்லர் என்பதை நாம் மறப்பது. பந்து அவரிடம் வந்தால்தான் அவர் அடிக்க இயலும். எந்தத் தோழன் எப்போது எந்தப் பக்கம் பந்தைத் தள்ளுவான் என்பது பழகப் பழகவே தெரியவரும். பிரெஞ்சு வீரர் தியரி ஹென்றி 1999-இல் ஏறத்தாழ 1.1 கோடி பவுண்டு விலையில் இத்தாலியிலிருந்து லண்டனின் ஆர்சனல் குழுவுக்கு வந்தார். பக்கவாட்டில் ஓடிப் பழகியவரைப் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் நடுமுனையில் நிறுத்தினார். முதல் எட்டு ஆட்டங்களில் கோல் இல்லை. செப்டம்பர் 18-ஆம் நாள் சவுதாம்ப்டனுக்கு எதிராக முதல் கோல் அடித்தார். அந்தப் பருவம் முடிகையில் அவர் கணக்கில் 26 கோல்கள். ஆர்சனலுக்காக அவர் அடித்தவை மொத்தம் 228. அக்குழுவில் வேறெவரும் அத்தனை அடித்ததில்லை.

இவ்வளவும் கேட்டு, ‘பொறுத்தால் போதும், எல்லாரும் ஹென்றி ஆகிவிடுவர்’ என்று கருதிவிடாதீர்கள். மேற்சொன்ன டோரஸ் செல்சிக்காக 903 நிமிடம் ஆடிய பின்னரே முதல் கோல் அடித்தார். 172 ஆட்டங்களில் 45 கோல்களோடு அவர் கணக்கு முடிந்தது. லிவர்பூலில் அவர் பெற்றிருந்த பழைய வேகம் திரும்பவே இல்லை. கரோலோ லிவர்பூலுக்காக 44 லீக் ஆட்டங்களில் 6 கோல்களே அடித்தார். இவர்களைப் பற்றி ஐயுற்ற ரசிகர்கள் முற்றும் தவறியவர் ஆகார். எனவே, தொடக்க நாட்களில் கோலின்மை ஒன்றை மட்டும் கொண்டு ஹென்றி யார், டோரஸ் யார் என்று பிரித்தறிய இயலாது. பின், எதைப் பார்ப்பது?

இதற்கு விடை குற்றாலத்துக் கடைக்காரரிடம் இருக்கிறது. ஜூன் மாதத் தொடக்கத்தில் வெளியூரார் சிலர் வருவர், பேரருவியில் நூல் போல் நீர் விழக் கண்டு, “இவ்வளவுதானா குற்றாலம்!” என்று கூறித் திரும்புவர். உள்ளூர்க் கடைக்காரரோ அருவியைப் பார்ப்பதில்லை, மலையைப் பார்ப்பார். மேற்கே மலை முகட்டில் மேகம் கவிகிறதா, கணவாய் வழியே காற்று சரியாக வீசுகிறதா, சாரல் முகத்தில் படுகிறதா என்று நோக்குவார். இவை இருந்தால், இன்று நீர் இல்லாவிடினும் கடையைத் திறந்து வைப்பார். இவை இல்லையேல், நேற்றுப் பெய்த ஒரு மழையால் அருவி முழங்கினாலும் மயங்கமாட்டார்.

கோல் என்பது அருவி. அதற்கு முந்திய செயல்களே மலை. ஆட்டக்காரர் கோலுக்கு அருகிலுள்ள ஆபத்தான இடங்களை அடைகிறாரா? பந்து இல்லாத போதும் காவலரை இழுத்துக்கொண்டு ஓடித் தோழனுக்கு இடம் ஆக்குகிறாரா? தோழர்கள் அவருக்குப் பந்து தருகிறார்களா? இக்காலத்துப் புள்ளியியலார் இதையே கணக்காக்கியுள்ளனர். பழைய ஆட்டங்களில் அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான அடிகளை ஆராய்ந்து, இந்த இடத்திலிருந்து இவ்வாறு அடித்தால் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒவ்வோர் அடிக்கும் மதிப்பிடுகின்றனர். பெனால்டி உதைக்கு அம்மதிப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. நெடுந்தொலைவிலிருந்து அடிக்கும் பந்துக்கு மிகச் சிறிது. இம்மதிப்புகளின் கூட்டுத்தொகை மிகுந்தும் கோல் குறைந்திருந்தால், பொறுக்கலாம். கூட்டுத்தொகையே குறைந்திருந்தால், கவலைப்பட இடமுண்டு. முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்துவிட்டவரைத் தலைமேல் தூக்கிவைக்கு முன்னும் இதே கணக்கைப் பார்த்தல் வேண்டும்.

இதை நான் நூலிலிருந்து மட்டும் கற்றவன் அல்லன். நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், வேறூரிலிருந்து ஒரு மாணவன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தான். கால்பந்தில் வல்லவன் என்று கேள்வி. ஆசிரியர்கள் பணம் சேர்த்து அவனுக்குப் புதிய பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். முதல் இரண்டு ஆட்டங்களில் அவன் கோல் அடிக்கவில்லை. “பூட்ஸ் வேறு வாங்கிக் கொடுத்தார்கள்” என்று முணுமுணுப்பு எழுந்தது. மூன்றாம் ஆட்டத்தில் அவனை நிறுத்திவிடும்படி உடற்கல்வி ஆசிரியரிடம் நானே சொன்னேன். மறுநாள் காலை அந்தப் பூட்ஸ் துடைக்கப்பட்டு, செய்தித்தாளில் சுற்றி என் மேசைமேல் இருந்தது. அவன் பின்னர் மைதானத்துக்கு வரவே இல்லை. பல நாள் கழித்து உடற்கல்வி ஆசிரியர் சொன்னார்: அவ்விரண்டு ஆட்டங்களிலும் அவன் மும்முறை கோலுக்கு முன் தனித்து நின்றான், பழைய மாணவர்கள் அவனுக்குப் பந்து தரவில்லை. நானும் அந்த மைதானத்தில்தான் இருந்தேன். ஆனால், நான் பார்த்தது கோல் கணக்கு எழுதிய பலகையை மட்டுமே.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. ஆராய்ந்து ஒருவரைத் தேர்ந்தபின் அவரைச் செயலில் ஈடுபடுத்தும் முறையும் தனியே கற்க வேண்டிய கலை என்பதை அந்த வரிசையே உணர்த்துகிறது.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் புதிதாக ஒருவன் வந்து சேரலாம். முதல் தேர்வில் அவன் மதிப்பெண் குறைவாக இருக்கலாம். தீர்ப்புக் கூறுமுன், அவனுக்கு யாரேனும் பந்து தந்தார்களா என்று பாருங்கள். தராதவருள் நீங்களும் ஒருவராயின், அடுத்த முறை தாருங்கள்.