தாமதத்தையும் கணக்கில் வை!

தோழர்களே! அசாமின் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஓடுகிறது விவேக் விரைவு வண்டி. 4,000 கிலோமீட்டருக்கு மேல்; 3 நாளுக்கு மேல்! அத்தனை தொலைவில் அட்டவணை பிசகாதென நம்பி, இறங்கிய ஒரு மணியிலேயே அடுத்த வண்டிக்குச் சீட்டெடுக்கலாமா? அரை நாளாவது இடைவெளி விடுங்கள். இரு சீட்டுகளையும் இணைத்துப் பதியுங்கள்; 2019 முதல் அந்த வசதி உண்டு. முதல் வண்டியின் தாமதத்தால் அடுத்தது தவறினால், அதன் கட்டணம் திரும்பும். நள்ளிரவில் இறங்கினால், விடியும்வரை காத்திருப்பு அறையே துணை, சீட்டு பத்திரம்!

ஏறுமிடத்திலேயே 3 மணிக்கு மேல் தாமதமா? பயணத்தைக் கைவிட்டால் முழுக் கட்டணமும் உண்டு. ஆனால், வண்டி புறப்படுமுன் கேட்டாக வேண்டும்! கூலியிலே மிச்சம் பிடித்த காசு அது. கேட்பது பிச்சையல்ல, உரிமை!