பேச்சு தமிழில், எழுத்து ஆங்கிலத்தில்: வளைகுடா வீடுகளின் கதை

‘அ’வை எழுத நாலைந்து முறை கையை வளைக்க வேண்டும். ஆறு வயதுக் கைக்கு அது வராது. அதனால் விவரம் தெரிந்த ஆசிரியைகள் ட, ப, ம என்று நேர்கோடு மிகுந்த எழுத்துகளில் தொடங்குவார்கள். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் பழகிவிட்டால் படம், பட்டம், மடம், மட்டம் எல்லாவற்றையும் பிள்ளை தானாகவே வாசித்துவிடும். கூடவே துணைக்காலையும் சொல்லிக் கொடுத்தால் பாடம், மாடம், பாப்பா, மாமா என்று வரிசையாக வந்து நிற்கும். 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் மாட்டி மிரட்ட வேண்டியதே இல்லை.

துபாயிலும் ஷார்ஜாவிலும் இதே பாடத்தில் ஒரு சிக்கல் குறுக்கிடுகிறது. ‘ட’வைக் காட்டினால் பிள்ளை ‘எல்’ என்கிறது. ‘ப’வைக் காட்டினால் ‘யூ’. கேஜியிலிருந்தே ஆங்கிலம் படித்த கண் அப்படித்தான் பார்க்கும். அமீரகத் தனியார் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு வரை அரபியும் கட்டாயம். அது வலமிருந்து இடமாக ஓடும். சொல்லின் முதலில் வரும் எழுத்து நடுவிலும் கடைசியிலும் உருவம் மாறும். இதற்கு மேல் பல பள்ளிகளில் இந்தி. பிறகு வார இறுதியில் யாரோ ஒரு தமிழம்மா தன் ஃபிளாட் ஹாலில் பாய் விரித்து, ‘பெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வரும், சொல்லும்போது பின்னால்தான் கேட்கும் என்று விளக்குகிறார். இத்தனையையும் உள்வாங்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

இவ்வளவு மொழிகளைச் சுமக்கும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து எதற்கு, பேசினால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. மூன்று லிபியைச் சமாளிக்கிற பிள்ளை நான்காவதையும் சமாளித்துக்கொள்ளும். என் கவலை வேறு. அந்தப் பிள்ளை தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்ப்பதே எங்கே?

ஊரில் பஸ் போர்டு, ரேஷன் கடை, சினிமா போஸ்டர், கல்யாணப் பத்திரிகை என்று திரும்பிய பக்கமெல்லாம் தமிழ். துபாயின் கராமா பகுதியில் கடைப் பலகைகள் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. மிச்சம் வீடுதான். அந்த வீட்டில் என்ன நடக்கிறது? ‘வரும்போது பால் வாங்கிட்டு வாங்க’ என்று அம்மா அப்பாவுக்கு அனுப்பும் செய்தி ஆங்கில எழுத்தில் போகிறது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாமா சொல்லும் பிறந்தநாள் வாழ்த்தும் ஆங்கில எழுத்தில்தான். வாசிக்கப் பழகும் வயதில் பிள்ளை எதைக் கண்டாலும் எழுத்துக் கூட்டிப் பார்க்கும். அம்மாவின் போனை எட்டிப் பார்க்காமல் இருக்காது. தமிழ் பேசுவதற்கு, எழுதுவதற்கு ஆங்கிலம் என்று அது முடிவுகட்டினால் குற்றம் யாருடையது?

ஆங்கில எழுத்தில் எழுதினால் பள்ளியும் பல்லியும் ஒன்றுதான். கல், கால், கள் மூன்றுக்கும் பல நேரம் ஒரே உருவம். பெரியவர்கள் இடம் பார்த்து ஊகித்துக்கொள்கிறோம். ல, ள, ழ வேறுபாட்டை இப்போதுதான் காதால் பிடிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்கு அந்த ஊகம் எப்படி வரும்?

இது நம் வீட்டு நோய் மட்டுமில்லை. அரபு இளைஞர்களும் போனில் ஆங்கில எழுத்தில் அரபி எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஒலிகளுக்கு 3, 7 என்று எண்களைப் போடுகிறார்கள். பிள்ளைகள் அரபி நூல்களை வாசிக்க வேண்டும் என்று அமீரகம் 2015இல் ‘அரபு வாசிப்புச் சவால்’ போட்டியைத் தொடங்கியது; 2016ஐ வாசிப்பு ஆண்டாகவே அறிவித்தது. சொந்த மண்ணில், சொந்த அரசின் ஆதரவோடு இருக்கும் மொழிக்கே இத்தனை முயற்சி தேவைப்படுகிறது.

வேற்று எழுத்தில் தமிழ் எழுதுவது புதிதா என்று சிலர் கேட்கலாம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக அரபுத்தமிழ் எழுதியவர்கள்தான். ஆனால் அவர்கள் அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென்று தனி எழுத்துகளை உண்டாக்கிக்கொண்டு, முறையாகக் கற்று, நூல்களையே எழுதினார்கள். போன் தமிழில் அந்த ஒழுங்கு எங்கே இருக்கிறது? ஒரே சொல்லை அப்பா ஒரு விதமாக எழுதுகிறார், அம்மா வேறு விதமாக.

தாய்மொழியைக் கற்றுத்தர ஏற்பாடு இல்லாமல் இல்லை. மலையாளிகளுக்குக் கேரள அரசின் மலையாளம் மிஷன் 2009 முதல் இருக்கிறது. கணிக்கொன்னா, சூரியகாந்தி, ஆம்பல், நீலக்குறிஞ்சி என்று பூக்களின் பெயரில் பாடங்கள். நமக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் இருக்கிறது. பாடத்துக்குப் பஞ்சமில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் வகுப்பு நடத்துகிறவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், மிச்ச நாளெல்லாம் வீடு அதை அழித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வார்?

போனில் தமிழ் கீபோர்டைப் போட இரண்டு நிமிடம் ஆகாது. தட்டச்சு வராதவர்கள் பேசினால் போதும், போனே எழுதிக்கொள்ளும். அம்மா ‘தக்காளி’ என்று சொன்னதும் திரையில் அந்தச் சொல் வந்து விழுவதைப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை பார்க்கட்டும். போன் தவறாக எழுதினால் இன்னும் நல்லது. எது தப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். பால், தயிர், முட்டை என்று சாமான் பட்டியலைத் தமிழில் எழுதி, சூப்பர் மார்க்கெட்டில் பிள்ளையையே வாசிக்க விடுங்கள். அப்பா தள்ளுவண்டியைத் தள்ளட்டும். ஒரு வரியைத் தாண்டிவிட்டால் வீட்டுக்கு முட்டை வராது என்று தெரிந்தால் பிள்ளை கவனமாகவே வாசிக்கும்.