துரை எழுதாத பக்கங்கள்

நாவல் முடியப் போகிறது. கதாநாயகன் ஒகோன்கோ மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டு தொங்குகிறான். வந்து பார்க்கிறார் வெள்ளைக்கார ஜில்லா துரை. நைஜர் நதிப் பிரதேசத்துக் காட்டுக் குடிகளைத் தாம் அடக்கி அமைதி உண்டாக்கிய பிரதாபத்தைப் புத்தகமாக எழுத அவருக்கு உத்தேசம். இந்த ஆசாமிக்கு ஓர் அத்தியாயம் கொடுக்கலாமா? ஊஹூம், நீளமான ஒரு பாரா போதும் என்று தீர்மானிக்கிறார்.

நாமோ அதற்குள் அந்த மனிதனின் வீட்டுக்குள்ளேயே குடியிருந்துவிட்டு வந்திருக்கிறோம். அவனுடைய எந்த மனைவியின் அடுப்பில் என்ன வெந்தது என்பதுகூட நமக்குத் தெரியும்!

இதை எழுதிய சினுவா அச்சேபே, நைஜீரியாவின் தென்கிழக்கே வாழும் இக்போ மக்களைச் சேர்ந்தவர். தகப்பனார் கிறிஸ்தவ உபதேசியார். கையால் எழுதிய ஒரே பிரதியை டைப் அடிப்பதற்காக லண்டனுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார், கட்டணத்தோடு. என்ன துணிச்சல் பாருங்கள்! மாதங்கள் போயின, பதிலே இல்லை. கடைசியில் அவர் வேலை பார்த்த வானொலி நிலையத்து ஆங்கிலேய அம்மாள் ஒருவர் விடுமுறையில் ஊருக்குப் போனபோது நேரில் சென்று கேட்டார். அதன் பிறகுதான் வேலை நடந்தது. 1958-ல் நாவல் வெளிவந்தது. தமிழில் என்.கே.மகாலிங்கம் இதைச் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் மொழிபெயர்த்திருக்கிறார்.

இது ஒகோன்கோவின் கதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அவனுடைய இரண்டாவது மனைவி எக்வேஃபிதான் கண்ணிலேயே நிற்கிறாள்.

பத்துப் பெற்று ஒன்பதைப் பறிகொடுத்தவள் அவள். செத்துச் செத்து அதே தாயின் வயிற்றில் வந்து பிறக்கும் பொல்லாத பிள்ளை உண்டு என்பது இக்போக்களின் நம்பிக்கை. ஒரு குழந்தைக்கு, ‘சாவே, உன்னைக் கெஞ்சுகிறேன்’ என்று பொருள்படும்படி பெயர் வைத்தாள். அதுவும் போயிற்று. குப்பம்மாள், பிச்சை என்றெல்லாம் பெயரிட்டு எமனை ஏமாற்றப் பார்த்த நம் பாட்டிமாருக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

பத்தாவது பெண் எஸின்மா பிழைத்தாள். ஓர் இரவு பூசாரிச்சி ஆவேசம் வந்து, அந்தக் குழந்தையை முதுகில் தூக்கிக்கொண்டு தெய்வத்தின் குகைக்குப் புறப்பட்டுவிடுகிறாள். தெய்வத்தைப் பின்தொடரலாமா? எக்வேஃபி தொடர்கிறாள். கும்மிருட்டில், அந்தக் குரல் ஒன்றையே வழிகாட்டியாகக் கொண்டு ஊர் ஊராக ஓடுகிறாள். உள்ளே குழந்தையின் அழுகுரல் கேட்டால் தெய்வமாவது ஒன்றாவது, பாய்ந்துவிடுவது என்று குகை வாசலில் நிற்கிறாள். பின்னால் ஓர் ஆள் உருவம். அலறிவிடுகிறாள். பார்த்தால், கையில் வெட்டரிவாளோடு அவள் புருஷன்! முன்கோபி, மனைவியரை அடிப்பவன், ஒரு திருவிழா நாளில் இவளையே துப்பாக்கியால் சுட்டுக் குறி தவறியவன். அன்றிரவு அவன் குகைக்கு வந்தது அது நான்காவது தடவை. வீட்டில் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த இரவைத் துரை எந்தப் பாராவில் அடக்குவார்?

அதற்காக அச்சேபே தம் மக்களின் குறைகளைப் பூசி மெழுகவில்லை. இரட்டைப் பிள்ளை பிறந்தால் மண்பானையில் இட்டுக் காட்டில் எறியும் வழக்கம் அங்கே இருந்தது. நான்கு முறை அப்படிப் பறிகொடுத்த ஒரு பெண், மறுபடி வயிற்றில் பிள்ளையோடு பாதிரிமாரிடம் ஓடிப்போகிறாள். தொலைந்தாள் சனியன் என்று அவள் புருஷன் வீட்டார் இருந்துவிடுகிறார்கள். வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு மட்டும் வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு அவனுடையது ஒன்றுதான்.

பிறகு பெண்களே பேனா எடுத்தார்கள். ஃப்ளோரா ந்வாபா தம் கையெழுத்துப் பிரதியை அச்சேபேயிடம் அனுப்பினார். ‘எஃபுரு’ 1966-ல் வெளியாயிற்று. எஃபுரு கெட்டிக்கார வியாபாரி, அழகி. ஆனால் ஒரே குழந்தையை இழந்தவள். அவள் கும்பிடும் ஏரித் தேவதை செல்வம் தருவாள், அழகு தருவாள். பிள்ளை மட்டும் தரமாட்டாள். பின் ஏன் பெண்கள் அவளைக் கும்பிடுகிறார்கள் என்ற கேள்வியோடு நாவல் முடிகிறது.

அந்தக் கடைசி வரியிலிருந்தே புச்சி எமெச்செட்டா தம் நாவலுக்குத் தலைப்பை எடுத்துக்கொண்டார்: ‘தாய்மையின் இன்பங்கள்’, 1979. கேலியான தலைப்பு! எமெச்செட்டாவின் முதல் கையெழுத்துப் பிரதியைக் கட்டிய கணவரே நெருப்பில் போட்டுவிட்டார். ஐந்து குழந்தைகளோடு லண்டனில் தனியாக நின்று, அந்தக் கதையைத் திரும்ப எழுதி 1976-ல் வெளியிட்டவர் அவர். அவருடைய ந்னு ஈகோவின் கணவனுக்கு லாகோஸ் நகரத்தில் என்ன உத்தியோகம் தெரியுமா? துரைசானியின் உள்ளாடைகளைத் துவைப்பது! வள்ளிக்கிழங்கு பயிரிட்டு மார்தட்டிய ஆண்களின் பிள்ளை. அவனையும் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தே ஓய்ந்துபோன ந்னு ஈகோ, ஒரு நாள் சாலையோரத்தில் தனியாகச் செத்துக் கிடக்கிறாள். கடல் கடந்து போன மகன்கள் வந்து பிரமாதமாகக் கருமாதி செய்கிறார்கள்.

சர்க்கார் ஏடுகளிலும் இதே கதைதான். 1929 கடைசியில், பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்று பயந்து ஆயிரக்கணக்கான பெண்கள், பிரிட்டிஷார் நியமித்த தலைவர்களின் வீடுகளைச் சூழ்ந்து பாடி ஆடி எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 50-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் அதைப் ‘பெண்கள் யுத்தம்’ என்றார்கள். துரைமார் ‘ஆபா கலகம்’ என்று எழுதி வைத்தார்கள்.

அச்சேபேயின் துரைக்குப் பதில் வர ஐம்பது வருஷம் ஆயிற்று. அச்சேபே முன்பு வசித்த அதே வீட்டில், நுசுக்கா பல்கலைக்கழக வளாகத்தில் வளர்ந்தவர் சிமமாண்டா என்கோஸி அடீச்சி. ‘பிடிவாதக்கார சரித்திராசிரியை’ என்று பொருள்படும் ஒரு சிறுகதை எழுதினார், 2008-ல்.

நுவாம்பா மட்பாண்டம் வனைபவள், விதவை. கணவனின் பங்காளிகள் நிலத்தைச் சுருட்டிக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரன் கோர்ட்டில் ஜெயிக்க இங்கிலீஷ் வேண்டும். ஒரு மிஷன் பள்ளியில் இக்போ மொழியில் பாடம் நடத்துகிறார்கள் என்று அறிந்து, அது வேண்டாமென்று இங்கிலீஷ் சொல்லித்தரும் கத்தோலிக்கப் பாதிரிமாரிடம் மகனைக் கொண்டுபோய் விடுகிறாள். எந்தத் தாயும் போடுகிற கணக்குத்தான்! மகன் மைக்கேல் என்ற பெயரோடு திரும்புகிறான். விக்கிரகங்களுக்குப் படைத்த சோறு என்று அம்மா சமைத்ததை உண்ண மறுக்கிறான். நிலம் கிடக்கட்டும், பெற்ற பிள்ளை வேற்று ஆளாகிவிட்டான்.

பேத்திக்கு ஞானஸ்நானப் பெயர் கிரேஸ். பாட்டி வைத்த பெயர் அஃபமெஃபுனா: ‘என் பெயர் அழியாது.’ பாட்டி வனைவதை உட்கார்ந்து பார்க்கிற பெண் அவள். பின்னாளில் சரித்திரம் படித்து, தன் ஜனங்களின் வரலாற்றைத் தானே எழுதி, பாட்டி வைத்த பெயரையே சட்டப்படி வைத்துக்கொள்ளப் போகிறாள்.

ஆனால் அன்று அவள் பள்ளிக்கூடத்துச் சிறுமி. பாட்டி சாகக் கிடக்கிறாள் என்று ஓடி வருகிறாள். புத்தகப் பையில் பாடநூல். அதிலே, ஏழு வருஷம் அங்கே இருந்துவிட்டுப் போன ஒரு துரை, தென் நைஜீரியக் காட்டுக் குடிகளை அமைதிப்படுத்தியது பற்றி எழுதிய அத்தியாயம். சிறுமி பையைக் கீழே வைக்கிறாள். மண் பிசைந்து காய்த்துப்போன பாட்டியின் கையை எடுத்துப் பிடித்துக்கொள்கிறாள்.