புரண்ட காந்தமும் புரளாத நேர்மையும்

குளச்சலிலும் முட்டத்திலும் ஆழ்கடல் செல்லும் நம் மீனவச் சகோதரர், செயற்கைக்கோள் கருவி பழுதுற்றால் திசைகாட்டியையே நம்புவர். அதன் முள் எக்காலமும் வடக்கையே நோக்கிற்றோ? இல்லை என்கின்றன பாறைகள். எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகுகையில், அவ்வேளைய புவிக்காந்தத்தின் திசை அதனுள் பதிந்துவிடுகிறது. சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றிய தக்காணப் பாறைகளுள் பெரும்பகுதி, காந்தமுள் தெற்கு நோக்கும் காலத்தில் இறுகியவை. இறுதியாகக் காந்தம் புரண்டு ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகள் ஆகின்றன.

இப்புரட்சி முற்றுப்பெறச் சில ஆயிரம் ஆண்டுகள் செல்லும் என்பர் அறிஞர். ஆயின் 1995-இல், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ஸ்டீன்ஸ் மலையை ஆய்ந்த ராபர்ட் கோ என்பாரும் அவர்தம் குழுவினரும், காந்தத்திசை நாளொன்றுக்கு 6 பாகை வரை மாறியிருக்கலாம் என அறிவித்தனர். அறிவியல் உலகம் வியந்தது. கோ அவ்வியப்பில் மயங்கி நின்றுவிடவில்லை. நுண்ணிய முறைகளால் மீண்டும் ஆய்ந்தார். மேலே படிந்த புதுக்குழம்பின் வெப்பமே கீழ்ப்பாறையின் பதிவை மாற்றியிருந்தது எனக் கண்டு, 2014-இல் தம் முடிவைத் தாமே கைவிட்டார்.

உலகம் போற்றிய முடிவையும் உண்மைக்காகத் துறந்த இந்நேர்மையை, அறிவியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துரைப்போமாக.