ஊரைப் பார்த்த திசையில் ஒரு வீடு

புதுக்கோட்டையிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோ திருச்சிக்குக் குடிவருகிறவர், சென்னைக்கும் துபாய்க்கும் போகிறவரைப் போல ஊரை விட்டுப் போகிறவர் அல்ல. புதுக்கோட்டை சுமார் 55 கிலோமீட்டர், பெரம்பலூர் 60, துறையூர் 45, மணப்பாறை அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஊரில் வயதான அம்மா இருக்கிறார். கொஞ்சம் நிலம் குத்தகையில் இருக்கிறது. காதுகுத்து, கருமாதி, குலதெய்வத்துக்குப் பொங்கல் என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். பிள்ளைகளின் படிப்புக்காகவோ வேலைக்காகவோ வீடு மாறுகிறதே தவிர, பாதி வாழ்க்கை பழைய ஊரில்தான் நடக்கிறது.

இப்படி வருகிறவர்கள் தரகரிடம் கேட்கும் முதல் கேள்வி, "தில்லை நகர்ல கிடைக்குமா, ஸ்ரீரங்கத்துல கிடைக்குமா?" என்பதுதான். பேர்பெற்ற ஏரியாவில் இருந்தால் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து நகரத்துக்குக் குடிபோகிறவர் முதலில் பார்க்க வேண்டியது திசை. சொந்த ஊரைப் பார்த்த பக்கத்தில் வீடு எடுங்கள் என்பேன். நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தால், நகரத்தைக் குறுக்கே கடக்காமல் நெடுஞ்சாலையைப் பிடிக்க முடிய வேண்டும்.

திருச்சியில் இந்தக் கணக்கு எளிது. புதுக்கோட்டைக்காரர்களுக்கு டி.வி.எஸ். டோல்கேட், சுப்பிரமணியபுரம், கே.கே.நகர், விமான நிலையப் பக்கம். மணப்பாறை, திண்டுக்கல் பக்கத்தவர்களுக்குக் கருமண்டபமும் எடமலைப்பட்டிப்புதூரும். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பொன்மலை, காட்டூர், திருவெறும்பூர். குளித்தலை, கரூர் வழிக்கு உறையூர். பெரம்பலூர், துறையூர், லால்குடி என்று வடக்கே வேர் உள்ளவர்களுக்கு ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், கொள்ளிடத்தைத் தாண்டினால் நம்பர் ஒன் டோல்கேட்.

ஸ்ரீரங்கத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு அது. நல்ல நிலத்தடி நீர், நடந்துபோகும் தூரத்தில் கடைத்தெரு, சென்னைக்குப் போகும் பல ரயில்கள் நிற்கும் நிலையம் என்று எல்லா வசதியும் உண்டு; ஓய்வு பெற்றவர்களுக்கு அதைவிட நல்ல இடம் திருச்சியில் இல்லை. ஆனால் வேலையும் பள்ளியும் காவிரிக்குத் தெற்கே இருந்தால் அன்றாடம் பாலத்தை நம்பித்தான் வாழ வேண்டும். சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-இல் கட்டப்பட்டது. 2022 நவம்பர் முதல் 2023 மார்ச் வரை அதைப் பழுது பார்க்க மூடியபோது, தீவில் இருந்தவர்கள் பைபாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்தார்கள். சித்திரை வீதி, உத்திர வீதிகளில் கார் வைத்திருப்பவர்கள் மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதேபோல, மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் வெளியூர் போய்வர வசதி என்ற பழைய யோசனையும் இப்போது செல்லாது. மதுரை சாலையில் பஞ்சப்பூரில் கட்டிய ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலையில் செயல்பாட்டுக்கு வந்துவிட்டது. உங்கள் ஊர்ப் பேருந்து இப்போது எந்த வழியாக வருகிறது, எங்கே நிற்கிறது என்று நடத்துனரிடம் கேட்டுக்கொண்டு வீடு தேடுங்கள்.

திசைக்கு அடுத்தது தண்ணீர். வரும் தண்ணீர், வந்து நிற்கும் தண்ணீர் இரண்டையும் பார்க்க வேண்டும். மாநகராட்சிக் குடிநீர் காவிரி, கொள்ளிட ஆற்றுமணலில் தோண்டிய கிணறுகளிலிருந்து வருகிறது. கம்பரசம்பேட்டை நீரேற்று நிலையத்தைத் திருச்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழாய்த் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, சம்ப் இருக்கிறதா, இல்லை எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தானா என்று கேளுங்கள். போர் தண்ணீர் உப்பா என்று வாயில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பு, வீட்டுக்காரர் சொல்லாததைச் சொல்லிவிடும்.

நிற்கும் தண்ணீர்தான் பெரிய விஷயம். திருச்சியின் ஆபத்து காவிரியில் மட்டும் இல்லை. தெற்கே மேட்டு நிலத்தில் பெய்யும் மழையைக் கோரையாறு சுமந்துகொண்டு எடமலைப்பட்டிப்புதூர், கருமண்டபம் ஓரமாக வந்து, குடமுருட்டி வழியாகக் காவிரியில் சேர்கிறது. சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் நகரத்துக்குள்ளேயே ஓடுகிறது. காவிரி நிரம்பி ஓடும் நாளில் இந்தத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் பின்னுக்கு ஏறும். 2005 நவம்பரில் கருமண்டபம், உறையூர் பக்கத்துத் தெருக்களுக்குள் வெள்ளம் புகுந்தது. 1977-இல் வந்த வெள்ளத்தை முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2005-க்குப் பிறகு மனை போட்டு வந்த நகர்களில் குடியிருப்பவர்களுக்கு அந்த நினைவு கிடையாது. தரகருக்குத் தெரிந்திருக்கலாம், சொல்ல மாட்டார்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். பால் ஊற்றுகிறவரிடம் கேளுங்கள். "மழைக்கு இந்தத் தெருவுல வண்டி வருமாண்ணே?" என்று கேட்டால் போதும், எந்த வீட்டு வாசல்வரை தண்ணீர் ஏறியது என்பது வரைக்கும் காட்டிவிடுவார்கள். வீட்டின் தரைமட்டம் சாலையைவிடத் தாழ்ந்திருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். தாருக்கு மேல் தார் போட்டுச் சாலைதான் உயரும், வீடு உயராது. முடிந்தவரை ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழைநாளில் போய்ப் பாருங்கள். பள்ளி திறப்பதை வைத்துச் சித்திரை, வைகாசியிலேயே எல்லோரும் வீடு பார்ப்பதால் வெயிலில் எல்லாத் தெருவும் நல்ல தெருவாகத்தான் தெரிகிறது.

தில்லை நகருக்கு நான் எதிரி அல்ல. ஒன்றிலிருந்து பதினொன்றாவது கிராஸ் வரை ஒழுங்காகப் போட்ட தெருக்கள், கூப்பிடு தூரத்தில் மருத்துவமனைகள். நாள்பட்ட நோயாளி வீட்டில் இருந்தால் அங்கேயே இருங்கள். மற்றவர்கள் சாஸ்திரி ரோட்டு நெரிசலுக்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

முன்பணம் பேசும்போது ஒன்று நினைவிருக்கட்டும். 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவும் செய்ய வேண்டும். கரண்ட் மீட்டர் உங்களுக்குத் தனியாக இருக்கிறதா, சப்-மீட்டரா என்று பாருங்கள். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை. அரசு தரும் 100 யூனிட் இலவசம் உங்கள் கைக்கு வராமலே போகலாம்.

இவ்வளவும் பார்த்து, பிடித்து, முன்பணத்தோடு போகும்போது சிலரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. "நீங்க என்ன ஆளுங்க?" சில இடங்களில் அதையே சுற்றிவளைத்து, "சைவமா?" என்பார்கள். பேரைக் கேட்டதுமே, "வீடு நேத்தே முடிஞ்சிருச்சு" என்பவர்களும் உண்டு. ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதுகிற எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது, ஏனென்றால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே பலருக்குப் பாதிதான் கிடைக்கிறது. வேலையை ஒட்டி வளர்ந்த பகுதிகளில் இந்தக் கேள்வி குறைவு. 1920-களில் ரயில்வே பணிமனையோடு வளர்ந்த பொன்மலையிலும், பெல் ஆலையை ஒட்டிய திருவெறும்பூர்ப் பக்கத்திலும், பல ஊர்க்காரர்கள் ஒரே சங்கு ஒலிக்கு வேலைக்குப் போய்ப் பழகியிருக்கிறார்கள். அலைந்து அவமானப்பட்டவர்களுக்கு அந்தப் பக்கத்தைத்தான் சொல்வேன். ஆனால் அவர்கள் அங்கே மட்டும் போக வேண்டும் என்பது நியாயம் இல்லை.

வீடு வைத்திருக்கும் திருச்சிக்காரர்களே, வருகிறவர் வாடகையை ஒழுங்காகத் தருவாரா, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வாரா என்று தாராளமாக விசாரியுங்கள். பழைய வீட்டுக்காரரிடம்கூடக் கேளுங்கள். சாதியையும் மதத்தையும் மட்டும் கேட்காதீர்கள்.